பிரெஞ்சுப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுதல்: என் நீண்டகால அனுபவம்

புதுச்சேரி, காரைக்கால் வேர்கள் உள்ளவர்களுக்குப் பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் பெரிய கொடை. எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் இருக்கும் அந்தக் காப்பகம், நம்மூரில் 'எத்தா சிவில்' என்று சொல்லும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. என் தாய்வழிக் குடும்பத்தைத் தேடுவதற்காகப் பல ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருகிறேன்.

இவ்வளவு ஏடுகள் எப்படிப் பிழைத்தன என்று முதலில் வியந்தேன். 1776இல் பதினாறாம் லூயி பிறப்பித்த ஆணைதான் காரணம். குடியேற்றப் பகுதிகளின் பதிவேடுகளுக்கு இன்னொரு படி எடுத்து வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என்றது அது. இங்கே கரையானும் ஈரமும் தின்றவை அங்கே தப்பின.

அந்தத் தளத்தில், பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் பதிவுகளைப் பெயரிட்டுத் தேடலாம். ஆனால் புதுச்சேரிக்கு ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பெயர் அட்டவணை இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்; பல மாலைப்பொழுதுகள் மிச்சமாகும்.

ஆனால் அட்டவணையில் எந்தப் பெயரைத் தேடுவது? இந்தத் தேடலின் உயிரே அந்தக் கேள்வியில் இருக்கிறது. நம் வழக்கில் தகப்பன் பெயர் தலைப்பெழுத்தாகும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். பிரெஞ்சுச் சட்டமோ பரம்பரையாக மாறாத ஒரு குடும்பப் பெயரைக் கேட்டது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தம் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள், அதாவது 'ரெனோன்சான்'கள், அப்படியொரு பெயரைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். இந்தத் துறப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். துறப்பு திரும்பப் பெற முடியாதது. மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் சேர்த்தே கட்டியது. வயதுவந்த அண்ணன் தம்பிகள் தனித்தனியே முடிவெடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தா ஒரு பிரெஞ்சுச் சொல்லைக் குடும்பப் பெயராக ஏற்றார், அவருடைய அண்ணன் துறக்கவே இல்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஏட்டில் அந்நியர்களைப்போல நிற்பதைப் பார்த்தபோது மனம் கனத்துவிட்டது.

எழுத்தர்கள் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறையில் எழுதினார்கள். 'ழ'வுக்கு 'ஜே' எழுத்து வரும். பழனி 'பஜனி'போலத் தெரிவார், குழந்தை 'கொஜாந்தே' ஆகிவிடுவார். ஒரே ஆளின் பெயர் பிறப்பில் ஒருமாதிரியும் திருமணத்தில் வேறுமாதிரியும் இருக்கும். உரக்கப் படித்துப் பாருங்கள், தமிழ் கேட்கும்.

பெண்களைக் கண்டுபிடிப்பது நான் அஞ்சிய அளவு கடினமாக இல்லை. பிரெஞ்சுப் பதிவுகளில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே குறிக்கப்படுகிறாள். 1897ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே திருமண விவரத்தையும் எழுதத் தொடங்கினார்கள். ஆகவே ஓரக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். என் கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டை அப்படியொரு வரிதான் காட்டிக்கொடுத்தது.

சைகோனுக்கு அரசு வேலைக்குப் போனவர்கள், ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஆகியோரையும் இதே தளத்தில் தேடலாம். தீவுகளில் கதை வேறு: கப்பலேறிய தமிழரின் இடுபெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்துபோனது. இன்றும் அங்கே ராமசாமி, வீரப்பிள்ளை போன்ற பெயர்கள் அப்படித்தான் வழங்குகின்றன.

இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் நூறாண்டுக்கு முந்தையவை. அதற்குப் பிந்தைய பதிவுகளுக்கு நாந்த் நகரில் உள்ள மையப் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் அந்த வழியை ஏற்கெனவே அறிவார்கள்.

கட்டணம் வாங்கும் வேறொரு தளத்தையும் ஓராண்டு வைத்திருந்தேன். ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக்கி வம்சமரம் போட்டுக் கொடுத்தது. சந்தாவை நிறுத்திவிட்டேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பிரெஞ்சுக் குடும்பக் கையேடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதிலுள்ள ஒரு தேதியும் ஊர்ப்பெயரும் போதும், எந்த ஏட்டைத் திறப்பது என்று தெரிந்துவிடும். பிறந்தார், மணந்தார், இறந்தார், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் ஆகியவற்றோடு எண்களையும் பிரெஞ்சில் படிக்கத் தெரிந்தால் பாதிப் பதிவு புரியும். நான் அடுத்து, துறக்காமல் இருந்த கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வழியைக் காரைக்கால் ஏடுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.