கேம்ப்பா, சீசன் பேட்ச்சா, தோட்டத்துக் கிணறா: சின்னப் பிள்ளைகள் நீச்சல் பழக எது சரி?

மாசி பிறந்துவிட்டால் சேலத்தில் காலைப் பேப்பரைப் பிரித்ததும் சம்மர் கேம்ப் நோட்டீஸ் மடியில் விழும். எங்கள் வீட்டில் பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஐந்து. லீவில் 21 நாள் கேம்ப், பிப்ரவரி முதல் மே வரை வாரம் இரண்டு நாள் நடக்கிற சீசன் பேட்ச், வாழப்பாடிப் பக்கம் என் தம்பி தோட்டத்துக் கிணறு என மூன்று இடத்திலும் இவர்களை இறக்கிப் பார்த்துவிட்டேன். எட்டு வயதுக்குக் கீழே என்றால் சீசன் பேட்ச்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் கிணறு கற்றுக்கொடுத்ததை எந்த நீச்சல் குளமும் கற்றுக்கொடுக்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில், எதை வைத்து அளப்பது? "எத்தனை நாளில் நீந்துவான்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தண்ணீரில் தேர்ச்சி என்பதற்கு ஐந்து காரியங்களைச் சொல்கிறது. தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதிக்க வேண்டும். மேலே வந்து ஒரு நிமிடம் மிதக்க வேண்டும். ஒரு சுற்றுத் திரும்பிக் கரை எங்கே என்று பார்க்க வேண்டும். 25 கஜம், அதாவது சுமார் 23 மீட்டர், நீந்த வேண்டும். ஏணி இல்லாமல் தானே மேலே ஏற வேண்டும். நீந்துவது அதில் ஒன்றுதான், அதுவும் நான்காவது. நோட்டீஸில் போடுகிற ஃப்ரீஸ்டைல், பட்டர்ஃப்ளை படங்களைவிட இந்தப் பட்டியலே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உலகம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் 2021இல் சுமார் 3 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் கிட்டத்தட்ட கால்வாசி ஐந்து வயது நிறையாத குழந்தைகள்.

கேம்ப்புக்குப் பெரியவளைத்தான் முதலில் அனுப்பினோம், அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஒரு பேட்ச்சில் 40 பிள்ளைகள், இரண்டு மாஸ்டர்கள், 45 நிமிடம். ஒரு மாஸ்டர் கையில் 20 பேர். ஆளுக்கு இரண்டேகால் நிமிடம்தான் அவர் கை படும். 21 நாளையும் கூட்டினால் முக்கால் மணி நேரம் சொச்சம். மீதி நேரமெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருப்பதுதான். நான்காம் நாள் கம்பி நழுவி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டாள். சத்தமே இல்லை. கையைக்கூட வீசவில்லை, வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போனது. பக்கத்தில் நின்ற பையன்தான் தூக்கினான். அதற்குப் பிறகு ஒரு மாதம் தலைக்குத் தண்ணீர் ஊற்றவே விடவில்லை.

கேம்ப்பே கூடாது என்று சொல்லவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே மிதக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தினமும் இறங்குவது நல்ல பலன் தரும். 21 நாளில் கை வீச்சு திருந்திவிடும். புதிதாகத் தொடங்குகிற சின்னப் பிள்ளைக்கு அது ஆகாது. மூன்று நாள் காய்ச்சல் வந்தால் கேம்ப்பில் ஏழில் ஒரு பங்கு போச்சு.

சீசன் பேட்ச் கணக்கு வேறு. ஆறு பேருக்கு ஒரு மாஸ்டர், அதே 45 நிமிடம், பிள்ளைக்கு ஏழரை நிமிடம். 16 வாரத்தில் 32 வகுப்பு. மொத்தம் நான்கு மணி நேரம் மாஸ்டர் கை பக்கத்திலேயே இருக்கும். பணம் கேம்ப்பைவிடக் கூடத்தான், ஆனால் அந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு வகுப்புக்கு நடுவே விழுகிற மூன்று நாள் இடைவெளியும் வீண் இல்லை. முதல் மாதம் மாஸ்டர் கொடுத்த வீட்டுப்பாடம் ஒரு குண்டாத் தண்ணீரில் முகத்தை வைத்து "புர்ர்" என்று மூச்சை விடுவதுதான். சின்னவன் சமையலறைத் தரையில் குண்டாவை வைத்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தியபடி குமிழி விடுவான். மூன்றாவது வாரம் காதிலிருந்து கை இறங்கியது. பயம் போனது அன்றைக்குத்தான்.

சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இறங்குகிற பக்கம் தண்ணீர் அவர்கள் இடுப்பளவுக்கு மேல் இருக்கக் கூடாது. கரையில் நின்றால் அடியில் இருக்கிற வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாக இருந்தால் மூழ்கிய பிள்ளையும் தெரியாது. குளோரின் வாசனை தூக்கலாக அடித்தால் சுத்தமான குளம் என்று நினைத்துவிடாதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்வதால் வருகிற நெடி அது. குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு இத்தனை பங்கு), பிஎச் என்கிற அமில-கார அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் நோட்டை எடுத்துக் காட்டுவார்கள். மாஸ்டர் போக, கரையில் நின்று கவனிக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடமானால் அப்போதே திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்காட்டு ரிசார்ட்டில் மாதம் ஒருமுறை குளத்தில் விளையாடுவதைப் பழக்கம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும், பத்து நிமிடத்தில் பிள்ளைக்கு உதடு நீலமாகிவிடும். அது விளையாட்டு, அவ்வளவுதான்.

இனி கிணறு. 60 அடிக் கிணறு, பக்கவாட்டில் கல் படி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் மேலே நிற்கும்; சித்திரைக்குள் இருபது படி இறங்கிவிடும். பொங்கலிலிருந்து மாசிவரைதான் பிள்ளைகளுக்கு ஏற்ற காலம், பள்ளி லீவோ அதற்குப் பிறகு வருகிறது. ஆழமில்லாத பக்கம் என்று ஒன்று கிணற்றில் கிடையாது. அதுதான் அதன் பெரிய குறை. அதனால் முதல் இரண்டு வாரம் என் தம்பி பிள்ளைகளைக் கிணற்றில் இறக்கவே இல்லை. மோட்டார் தண்ணீர் விழுகிற சிமெண்ட் தொட்டியில்தான் பழக்கினான். கிணற்றில் கால் வைக்கும் முன் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். "மோட்டார் நின்னா மட்டும் போதாதுக்கா, ஒயரு தண்ணிக்குள்ளதான கெடக்கு" என்பான்.

முதுகில் இரண்டு சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூடு, கட்டுவான். பிள்ளை குப்புறப் படுக்கும், கால் தானாக மேலே வரும். கடையில் விற்கிற காற்றடைத்த கைப்பட்டை பிள்ளையை நெட்டுக்குத்தலாக நிறுத்தி வைக்கிறது. அதைக் கழற்றிய நாளில் எல்லாம் முதலிலிருந்துதான். புருடையில் ஒன்றைக் கழற்றினாலும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. புருடையோ கைப்பட்டையோ, எதைக் கட்டினாலும் பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள். அப்படி ஆள் இல்லாத வீட்டுக்குக் கிணறு வேண்டாம்.

இந்த வருடம் இரண்டு பேரையும் சீசன் பேட்ச்சில் போட்டிருக்கிறோம், மாதம் ஒரு ஞாயிறு தோட்டத்துக்குப் போகிறோம். போன ஞாயிறு பெரியவள் புருடை இல்லாமல் மூன்றாம் படியிலிருந்து குதித்தாள். தம்பி ஒரு கை தூரத்தில் மிதந்துகொண்டிருந்தான், தொடவில்லை. மேலே வந்தாள், மல்லாந்தாள், ஒரு சுற்றுத் திரும்பிப் படியைத் தேடினாள். எட்டிப் பிடித்து ஏறி நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாமா, இன்னொரு தடவ" என்றாள். ஐந்தில் நான்கு தேறிவிட்டது. 23 மீட்டர் நீந்துவது மட்டும் பாக்கி. அதற்கு அந்தக் கிணற்றில் நீளம் போதாது, வருகிற செவ்வாய்க்கிழமை குளத்தில்தான் பார்க்க வேண்டும்.