ஆன்லைனில் பணம் கட்டினால் கண்டல் கன்று நடும் சேவை: 5க்கு 2

போன வருடம் ஒரு தளத்தில் பணம் கட்டி, இந்தோனேசியக் கடற்கரையில் ஐம்பது கண்டல் (அலையாத்தி, mangrove) கன்றுகள் நடச் சொன்னேன். இரண்டே நாளில் என் பெயர் போட்ட சான்றிதழ் வந்துவிட்டது, ஒரு மாதத்தில் போட்டோவும். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்ததும்தான் மனசு கஷ்டப்பட்டது. திறந்த சேற்று வெளியில் வரிசை வரிசையாகச் சுரபுன்னை என்ற ஒரே கண்டல் வகை, வேறு இனமே இல்லை. அவ்வளவு தாழ்வான சேற்றில் கடல் தண்ணீர் நெடுநேரம் நின்றுவிடும், இளங்கன்று தாங்காது. பிலிப்பைன்ஸில் பல வருடங்களாக இப்படி நட்டு ஏராளமான கன்றுகள் செத்துப்போயிருக்கின்றன. என் கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று மூன்று முறை மெயில் போட்டேன், மூன்று முறையும் மொத்தம் எத்தனை நட்டோம் என்ற கணக்குதான் பதிலாக வந்தது.

இந்தோனேசிய அரசு பீட் (peat, மக்காத தாவரம் சேர்ந்து உருவான மண்) சதுப்பு நிலங்களுக்கு வகுத்த கொள்கையைப் படித்தபோதுதான் இந்த சேவையில் எது இல்லை என்று புரிந்தது. 2015-இல் அந்த நாட்டில் பரவிய தீயில் காடும் நிலமுமாகச் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 2016 ஜனவரியில் அதற்கென்றே தனி அமைப்பு தொடங்கினார்கள், சுமார் 20 லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்தை மீட்பது இலக்கு. அங்கே முதல் வேலை மரம் நடுவது இல்லை, நிலத்தை மறுபடி நனைப்பது. தோட்டங்களுக்காக வெட்டிய கால்வாய்கள் தண்ணீரை வடித்துவிட்டதால்தான், ஆயிரக்கணக்கான வருடங்களாக நீருக்குள் மக்காமல் கிடந்த தாவரமெல்லாம் காய்ந்து தீப்பிடிக்கும் நிலைக்கு வந்தது, அதனால் கால்வாய்களை அடைத்தார்கள். சாகுபடி செய்யும் பீட் நிலத்தில் நீர்மட்டம் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. ஒரு குழாயை இறக்கி அளந்தால் போதும், யாரும் சரிபார்க்கலாம்.

2020 கடைசியில் 6 லட்சம் ஹெக்டேர் கண்டல் காட்டை மீட்கும் வேலையையும் அதே அமைப்பின் பொறுப்பில் சேர்த்தார்கள். இவ்வளவு பெரிய இலக்கு வைத்தால் சீக்கிரம் நட்டுக் கணக்குக் காட்டும் ஆசை வரும், அதுதான் எனக்குப் பயம். கண்டலுக்கும் தண்ணீர்தான் முதலில். கைவிட்ட இறால் பண்ணையின் கரையை உடைத்து அலை வந்து போகவிட்டால், பக்கத்துக் காட்டின் விதைகள் தாமாகவே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள திவோஹோவில், நட்டு நட்டுத் தோற்ற பிறகு நீரோட்டத்தைச் சரிசெய்துதான் காட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அந்த இரண்டு மதிப்பெண்ணும் போட்டோவை மறைக்காமல் அனுப்பியதற்கு. கரை உடைக்கக் காசு கேட்டால் சந்தோஷமாகத் தருவேன். சான்றிதழில் மூன்றாம் வருடம் உயிரோடு இருக்கும் கன்றுகளின் எண்ணிக்கை வரும்வரை மறுபடி பணம் கட்டப் போவதில்லை.