டெஸ்க்டாப் மென்பொருளில் டைமர்கள்: வே பிரிட்ஜ் புரோகிராம் ஒன்றோடு பல வருட அனுபவம்

வே பிரிட்ஜ், அதாவது லாரி எடை மேடை அலுவலகங்களில் ஓடும் ஒரு விண்டோஸ் மென்பொருளைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் திரைகளை (ஃபார்ம்களை) உருவாக்கும் வின்ஃபார்ம்ஸில் எழுதியது. லாரி மேடையில் ஏறியதும் இண்டிகேட்டர் என்னும் எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வரும். எண் நிலைத்ததும் சீட்டு அச்சாகும். இதற்கு நடுவே குறித்த இடைவெளியில் தானாக நடக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. திரையில் எடையைப் புதுப்பிக்க வேண்டும், தேங்கிய சீட்டுகளைத் தலைமை அலுவலக சர்வருக்கு அனுப்ப வேண்டும், டேட்டாபேஸைப் பேக்கப் எடுக்க வேண்டும். சி ஷார்ப் புரோகிராம்கள் ஓடும் தளமான டாட் நெட்டில் இதற்கென இருக்கும் டைமர்களில் பெரும்பாலானவை இந்த ஒரே புரோகிராமில் ஏதோ ஒரு காலத்தில் வேலை செய்திருக்கின்றன.

முதலில் வின்ஃபார்ம்ஸ் டைமர். ஃபார்மில் இழுத்துப் போட்டு, இன்டர்வலைக் கொடுத்து, ஒவ்வொரு இடைவெளி முடிவிலும் வரும் டிக் நிகழ்வில் கோடு எழுதினால் போதும். டிக் திரையைக் கவனிக்கும் அதே த்ரெட்டில் (புரோகிராமின் ஒரு வேலை ஓட்டத்தில்) ஓடுவதால் எடையைக் காட்டும் லேபிளைத் தயங்காமல் மாற்றலாம். எடையைக் காட்ட இன்றைக்கும் இதைத்தான் வைத்திருக்கிறேன், இன்டர்வல் 200 மில்லி செகண்ட். துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. இதன் துல்லியம் 55 மில்லி செகண்டுக்குள் வராது என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. திரையில் வேறு வேலை இருந்தால் டைமர் செய்தி கடைசியாகத்தான் கவனிக்கப்படும். மனிதக் கண் பார்க்கும் எண்ணுக்கு அது போதும்.

ஆனால் இதற்குள் நேரம் பிடிக்கும் வேலையை வைத்தால் கதை மாறும். சர்வருக்கு அனுப்பும் கோடு டிக்குக்குள் இருந்தால், நெட் மந்தமான நாளில் திரை முழுக்க உறைந்து நிற்கும். கீழே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். சரி, திரையைத் தடுக்காமல் வேலை முடியக் காத்திருக்கும் வழியான அசிங்க் போட்டு அவெயிட் செய்யலாம் என்றால் வேறொரு சிக்கல். அவெயிட்டில் காத்திருக்கும்போது திரை விடுபட்டுவிடும், அடுத்த டிக்கும் வந்துவிடும். முதல் அனுப்பல் முடிவதற்குள் இரண்டாவது தொடங்கும். ஒரே சீட்டு சர்வருக்கு இரண்டு முறை போகும்.

இதே வகையில் மெசேஜ் பாக்ஸும் உண்டு. டிக்குக்குள் 'இணைப்பு இல்லை' என்று மெசேஜ் பாக்ஸ் காட்டினால் டைமர் அதோடு நிற்பதில்லை. அந்தப் பெட்டி திறந்திருக்கும்போதும் விண்டோஸ் செய்திகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆபரேட்டர் சாப்பிடப் போய்விட்டுத் திரும்புவதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டிகள் குவிந்திருக்கும். டைமர் தானாகக் கண்டுபிடிக்கும் எந்தப் பிழையையும் பெட்டியாகக் காட்டக் கூடாது, கீழே ஸ்டேட்டஸ் பாரில் காட்ட வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து சிஸ்டம்.டைமர்ஸ் டைமர். இது திரைக்கு வெளியே பின்னணி வேலைகளுக்கென இருக்கும் த்ரெட் பூலில் ஓடும், திரை உறையாது. லேபிளைத் தொட வேண்டுமென்றால் வேலையைத் திரையின் த்ரெட்டிடம் ஒப்படைக்கும் பிகின் இன்வோக் வழியாகப் போக வேண்டும். அது ஒரு பெரிய தொந்தரவில்லை. இதில் எனக்கு ஒவ்வாத குணம் வேறு: எலாப்ஸ்ட் நிகழ்வுக்குள் (இந்த டைமரின் டிக்) வரும் எக்ஸப்ஷனை, அதாவது ஓடும்போது எழும் பிழையை, இது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இதுவும் ஆவணத்தில் எழுதியிருப்பதுதான். புரோகிராம் விழாது, லாக்கில் எதுவும் வராது, வேலை மட்டும் நடக்காது. பேக்கப் எடுக்கும் கோடு இப்படி மௌனமாகத் தோற்றால், ஹார்ட் டிஸ்க் போகிற அன்றுதான் யாருக்கும் தெரியவரும். பணம் சம்பந்தப்பட்ட கணக்கு இருக்கும் இடத்தில் இந்தக் குணம் ஆபத்தானது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் நிகழ்வின் முதல் வரியிலேயே பிழையைப் பிடிக்கும் டிரை–கேட்ச் வைத்து லாக் எழுதியே ஆக வேண்டும்.

சிஸ்டம்.த்ரெடிங் டைமர் நேர்மாறு. அதற்குள் பிடிக்கப்படாத எக்ஸப்ஷன் வந்தால் புரோகிராமே விழுந்துவிடும். எனக்கு இது மேல் என்று தோன்றும், குறைந்தபட்சம் விஷயம் தெரிகிறதே. ஆனால் இந்த டைமரை ஒரு ஃபீல்டில் (கிளாஸோடு நிலைத்திருக்கும் வேரியபிளில்) பிடித்து வைத்திருக்க வேண்டும். லோக்கல் வேரியபிளில் வைத்தால் சோதனைக்கான டீபக் பில்டில் ஒழுங்காக ஓடும், கஸ்டமருக்குப் போகும் ரிலீஸ் பில்டில், பயன்படாத மெமரியைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் எடுத்துப்போய்விடும், டைமர் பாட்டுக்கு நின்றுபோகும். டெவலப்பர் மேசையில் வராத பிழை கஸ்டமர் இடத்தில் மட்டும் வருகிறது என்றால் இதையும் ஒரு சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2021 நவம்பரில் டாட் நெட் 6 வந்தபோது பீரியாடிக் டைமர் அதோடு வந்தது. இப்போது என் கை முதலில் போவது இதற்குத்தான். இதில் நிகழ்வு என்று எதுவும் கிடையாது. ஒரு வைல் லூப், அதன் தலையில் அடுத்த டிக்குக்கான அவெயிட், உள்ளே வேலை, அவ்வளவுதான். வேலை முடியாமல் லூப் மேலே திரும்பாது, அதனால் ஒரே வேலை ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது இல்லை. வேலை நீண்டு பல டிக்குகள் தவறிப் போனாலும் அவை சேர்ந்து ஒரே டிக்காகத்தான் வரும், பின்னால் வரிசை கட்டி நிற்காது. ஃபார்முக்குள்ளிருந்து தொடங்கினால் அவெயிட்டுக்குப் பிறகு திரையின் த்ரெட்டுக்கே திரும்பிவிடுவதால் ஸ்டேட்டஸ் பாரை நேரடியாக மாற்றலாம். சீட்டு அனுப்பும் வேலையை இதற்கு மாற்றிய பிறகு, ஒரே சீட்டு இரண்டு முறை போகிறது என்ற புகார் வரவில்லை. லூப்புக்குள் டிரை–கேட்ச் மட்டும் கட்டாயம். எக்ஸப்ஷன் லூப்பை உடைத்து வெளியே வந்தால், லூப் ஓடும் அந்த டாஸ்க்கை யாரும் அவெயிட் செய்யாத நிலையில், இதுவும் மௌனமாகவே செத்துப்போகும்.

பழைய கணினிகளில் இன்னும் டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8 ஓடுகிறது. அங்கே பீரியாடிக் டைமர் இல்லை. குறித்த நேரம் காத்திருக்கும் டாஸ்க் டிலே வைத்து அதே மாதிரி லூப் எழுதிக்கொள்கிறேன். 30 விநாடி டிலே, 5 விநாடி வேலை என்றால் சுற்று 35 விநாடி ஆகும். எனக்கு அது பரவாயில்லை. சரியாக 30 வேண்டுமென்பவர்கள் டாட் நெட்டின் ஸ்டாப்வாட்ச் வைத்து வேலை நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

டைமரை எதில் எழுதினாலும், நாள்பட ஓடும் இடத்தில் உண்மையான தொல்லை கடிகாரத்தால் வருகிறது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி, கரண்ட் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். பிறகு யாராவது தேதியைத் திருத்துவார்கள், இல்லையென்றால் நெட் வந்ததும் அதுவே சரியாகும். 'கடைசி பேக்கப் முடிந்து 24 மணி நேரம் ஆயிற்றா' என்று மட்டும் கேட்கும் கோடு, கடைசி பேக்கப் எதிர்காலத்தில் இருப்பதாக நினைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் மைனஸில் வந்தாலும் பேக்கப் எடு என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் இது தீரும். இடைவெளியை அளக்க, கணினிக் கடிகார நேரத்தைத் தரும் டேட்டைம் நவ் வேண்டாம். ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தைத் திருத்துவதால் பாதிக்கப்படாது. விண்டோஸ் தொடங்கியதிலிருந்து மில்லி செகண்டுகளை எண்ணும் என்விரான்மென்ட் டிக்கவுன்ட் 32 பிட் எண் என்பதால், விண்டோஸ் தொடங்கி சுமார் 24.9 நாளில் மைனஸுக்குப் போகும். வாரக்கணக்கில் அணைக்காத கணினிகளுக்கு டாட் நெட் கோர் 3.0 முதல் இருக்கும் டிக்கவுன்ட்64 தான் சரி.

ஸ்லீப் இன்னொன்று. கணினி தூங்கும்போது நம் கோடும் தூங்கும். எழுந்ததும் யூஎஸ்பி–சீரியல் கன்வெர்ட்டர் புதிதாக இணைந்தது போல வரலாம், பழைய போர்ட் பிடிப்பு செல்லாது. கணினி தூங்குவதையும் எழுவதையும் சொல்லும் பவர் மோட் சேஞ்சு நிகழ்வில் ரெஸ்யூம் (எழுந்தது) வந்ததும் போர்ட்டை மூடித் திறக்கிறேன். எடை அலுவலகக் கணினிக்கு ஸ்லீப்பையே அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

ஸ்டேட்டஸ் பாரில் 'கடைசியாக அனுப்பியது 11:42' என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வேலையும் வெற்றியாக முடிந்தால் மட்டுமே அந்த நேரம் மாறும். அரை மணிக்கு மேல் பழையதானால் எழுத்து சிவப்பாகும். லாக் ஃபைலை யாரும் திறந்து பார்ப்பதில்லை, ஆனால் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் ஆபரேட்டர் போன் செய்துவிடுகிறார்.

இரவு பேக்கப்பை மட்டும் புரோகிராமுக்கு வெளியே எடுத்து குறித்த நேரத்தில் புரோகிராம்களை ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிடம் கொடுத்துவிட்டேன். ஆபரேட்டர் மாலையில் புரோகிராமை மூடிவிட்டுப் போனால் உள்ளே இருக்கும் எந்த டைமருக்கும் வேலை இல்லை. ஷெட்யூலரில் 'தவறிய வேலையை முடிந்தவரை சீக்கிரம் தொடங்கு' என்ற ஆப்ஷனைத் தேர்ந்துவிட்டால், இரவு கணினி அணைந்திருந்தாலும் காலையில் ஆன் செய்ததும் அது நடந்துவிடுகிறது.