சோல்ட்டியின் 'ரைன் தங்கம்': திருடனைவிடக் கடவுள் மோசம்

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இந்த ஓபராவுக்கு (பாட்டாகவே நடக்கும் நாடகம்) பதிவுகள் நிறைய உண்டு. ஆனாலும் 1958-இல் இசை நடத்துநர் ஜார்ஜ் சோல்ட்டி வியன்னாவில் நடத்திய பதிவுக்கே நான் திரும்பத் திரும்ப வருகிறேன். காரணம், ஆல்பெரிஷ் என்ற குள்ளனாகப் பாடும் நைட்லிங்கர். அந்தக் குள்ளன்மேல் வெறுப்பு வரவில்லை, பாவமாக இருக்கிறது. தங்கத்தைக் காக்கும் ரைன் நதிப் பெண்கள் கேலி செய்து அலைக்கழித்த ஆள். காதலே வேண்டாம் என்று சபித்துவிட்டுத் தங்கத்தை வாரிக்கொண்டு ஓடுகிறான். காதலைத் துறந்தவனால்தான் அதை உலகை ஆளும் மோதிரமாக்க முடியும். திருட்டுதான். ஆனால் அதற்கு விலையாகத் தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டான்.

கடவுள்களின் தலைவன் வோட்டான் அப்படியா? வல்ஹல்லா கோட்டையைக் கட்டினால் கொழுந்தியாள் ஃப்ரையாவைத் தருவதாக ஃபாசோல்ட், ஃபாஃப்னர் என்ற அரக்கச் சகோதரர்களிடம் பேசியிருக்கிறான். ஒப்பந்தங்கள் செதுக்கிய ஈட்டி கையிலேயே இருக்கிறது. கோட்டை எழும்பியதும் கூலி கொடுக்க மனசில்லை. குள்ளனை ஏமாற்றிப் பிடித்து, அவன் புதையலை எடுத்துக் கடனை அடைக்கிறான்.

அந்தக் காட்சிக்காகவே இந்த இசைத்தட்டுப் பெட்டியை வாங்கலாம். ஃப்ரையாவை அரக்கர்கள் விட வேண்டுமானால், அவள் முழுதாக மறையும்வரை தங்கத்தைக் குவிக்க வேண்டும். தலைமுடி மின்னுகிறது என்கிறான் ஃபாஃப்னர். ஆல்பெரிஷின் மாயத் தலைக்கவசமும் குவியலில் போகிறது. அப்புறம் ஃபாசோல்ட் ஒரு இடுக்கு வழியே அவள் கண்ணைப் பார்த்துவிடுகிறான். அவன் மட்டும்தான் அவளை நிஜமாக விரும்பியவன். வால்டர் கிரெப்பெல் அந்த இடத்தைக் குரல் கனிந்து பாடுகிறார். இடுக்கை அடைக்க, ஆல்பெரிஷிடம் பிடுங்கிய மோதிரம் வேண்டும். ஜார்ஜ் லண்டனின் வோட்டான் 'தரமாட்டேன்' என்று முரண்டு பிடிக்கும்போது, கடவுளின் குரலா, கந்துவட்டிக்காரன் குரலா என்று சந்தேகம் வருகிறது. மோதிரம் கைமாறிய கொஞ்ச நேரத்தில் ஃபாசோல்ட்டை அண்ணன் தம்பி என்றும் பாராமல் ஃபாஃப்னர் அடித்துக் கொல்கிறான்.

அதற்கு முன்பு, ஆல்பெரிஷைப் பிடிக்க வோட்டான் குள்ளர்களின் பாதாள உலகமான நிபல்ஹைமுக்கு இறங்கும்போது வாத்தியங்கள் ஒதுங்கி, இரும்படிக்கும் பட்டடைகளின் அடி மட்டும் ஒலிக்கிறது. வாக்னர் கேட்டது 18 பட்டடைகள். ஆல்பெரிஷ் அடிமையாக்கிய குள்ளர்கள் கூலியில்லாமல் செய்யும் வேலையின் சத்தம். காதுக்கு இதமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குறைகள்? இரண்டரை மணி நேரத்துக்கு இடைவேளை கிடையாது. அது வாக்னர் செய்தது. நான் பழைய பெட்டியாக வாங்கியதில் பாடல் புத்தகத்தில் நான்கு பக்கம் காணோம், விற்றவர் வாயே திறக்கவில்லை. இடிக் கடவுள் டோனர் சுத்தியலை ஓங்கினால் ஒலியைக் குறைத்துவிடுங்கள், இடி காதைப் பிளக்கும். அப்புறம் மறக்காமல் கூட்டிவிடுங்கள். கடவுள்கள் வானவில் பாலத்தில் நடக்கும்போது, கீழே நதிப் பெண்கள் தங்கத்தைக் கேட்டு அழுவது தூரத்தில்தான் கேட்கும். வோட்டான் நெருப்புக் கடவுள் லோகேயிடம் சொல்கிறான், அவர்களை அடக்கச் சொல்லி.