பிரெட் வாங்கலாம், பொடி வேண்டாம்

மஞ்சக்குப்பத்திலிருந்து மாதம் இரண்டு தடவை புதுச்சேரிக்கு பஸ் ஏறுகிறேன், பிரெட் வாங்க. என் பையனுக்கு ஒன்பது வயது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி எதுவும் ஆகாது, அவற்றில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் குடலைப் புண்ணாக்கிவிடும். "சோறு தின்கிற வீட்டில் இது எப்படி வந்தது?" என்று மாமியார் இன்னும் கேட்கிறார். வடக்கைவிட நம் பக்கம் குறைவுதான். ஆனால் பரோட்டாவும் பிஸ்கட்டும் நுழையாத வீடு எது?

கடை சின்னது, பெயர் வேண்டாம். அரிசி மாவும் மரவள்ளி மாவும் கலந்த பிரெட், 400 கிராம் 240 ரூபாய். இந்த வகை பிரெட் கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிரும். இது உதிராது, இசப்கோல் உமி சேர்க்கிறார்கள். தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டினால் ஓரம் மொறுமொறுவென்று வரும். மறுநாளே கட்டியாகிவிடும் என்பதுதான் குறை. மைதா அந்த அடுப்படிக்குள்ளேயே வராது. கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்று எனக்குச் சொன்னதே கடைக்காரத் தம்பிதான். அதுவரை நாலு மாசம் ரசம் வைத்து நானே பையனுக்கு வயிற்றுவலியை ஊற்றிக்கொண்டிருந்தேன்!

அதே தம்பிதான் ஒருநாள் ஒரு டப்பாவை நீட்டினார். மூலிகைப் பொடி, 950 ரூபாய். "அக்கா, இந்த நோய்க்கு வைரஸ்தான் காரணம்னு கண்டுபிடிச்சிட்டாங்க. இது வயித்துல இருக்கிற வைரஸை அழிச்சிடும். மூணு மாசத்துல பையன் சப்பாத்தி சாப்பிடலாம்."

பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது. ஒன்றரை வயதில் பையனுக்குப் பேதியாகி மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறோம். வாங்காமல் டாக்டரிடம் கேட்டேன்.

வைரஸ் பேச்சு சும்மா இல்லையாம். 2017ல் சிகாகோ, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக்காரர்கள், பெரிதாக நோய் எதுவும் தராத ரியோவைரஸை எலிகளுக்குக் கொடுத்து, கூடவே குளூட்டனும் கொடுத்தார்கள். எலிகளின் உடம்பு குளூட்டனை எதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது. நார்வேயில் குழந்தைகளின் மலத்தை மாதாமாதம் சோதித்து 2019ல் வந்த ஆய்வில், பின்னால் சீலியாக் வந்த பிள்ளைகளுக்கு அதற்கு முன் என்டிரோவைரஸ் என்கிற குடல் வைரஸின் தொற்று அதிகம் இருந்தது. அடினோவைரஸ் என்கிற இன்னொரு வைரஸில் அப்படித் தெரியவில்லை. வைரஸ் மட்டும் போதாது, சீலியாக் வர அதற்கான மரபணுவும் வேண்டும். அது இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. என் பையனுக்கு அந்தப் பேதியால்தான் வந்ததா? "சொல்ல முடியாதும்மா" என்றார்.

அப்புறம் ஒன்று சொன்னார். "பால்காரர் வந்த நேரம் பார்த்துத் திருடனும் வந்தான்னு வைங்க. நாய் பால்காரரையும் திருடன்னு நினைச்சிடுச்சு. திருடன் போய் வருஷக்கணக்காச்சு, நாய் இன்னும் பால்காரரைக் கண்டால் குரைக்குது. இப்போ திருடனைத் தேடி என்ன செய்ய?" குளூட்டன்தான் அந்தப் பால்காரர். ஆயுசுக்கும் அதை வீட்டுப் பக்கம் விடாமல் இருப்பதைத் தவிர இப்போதைக்கு வழி இல்லை. பொடியை நம்பிச் சப்பாத்தி கொடுத்திருந்தால் ஆறி வந்த குடல் மறுபடி புண்ணாகியிருக்கும்.

தம்பியிடம் போய் இதைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். போன சனிக்கிழமை பார்த்தால் டப்பா கல்லா பக்கத்திலிருந்து மேல்தட்டுக்குப் போயிருக்கிறது, விலைச் சீட்டோடு.

பிரெட்டுக்கு நாலு நட்சத்திரம். முதல் நாளே போனில் சொல்லி வையுங்கள், பதினொரு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது.