பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்பு ஒழுங்கை விலைக்குக் "கணித்துத்" தருவோர் குறித்து ஓர் எச்சரிக்கை

உயர்தரப் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கக் காத்திருக்கும் வன்னி மாணவர்களுக்கும் அவர்களது பெற்றோருக்குமாக இதனை எழுதுகிறேன். பாடநெறிகளை எந்த ஒழுங்கில் எழுத வேண்டும் என்று கணித்துத் தருவதாகக் கூறி எவராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அதைவிட முக்கியமாக, இணையவழி விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அவ்வாறு ஒப்படைக்கச் செய்த ஒரு நிலையத்தினால் எனது தம்பி தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பொறியியற் பீட அனுமதியை இழந்தான்.

தம்பி முல்லைத்தீவு மாவட்டத்திலேயே கணிதப் பிரிவில் படித்தவன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் வெள்ளத்தில் கிடந்ததைச் சிறு வயதில் பார்த்த நாளிலிருந்து, குளக்கட்டும் வாய்க்காலும் சம்பந்தப்பட்ட படிப்பைத்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனவே குடிசார் பொறியியல் என்பதில் அவனுக்குக் குழப்பமே இருக்கவில்லை. பேராதனையா, மொறட்டுவையா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பீடமா என்பதுதான் கேள்வி. கேம்பிரிட்ஜில் மண் பொறியியலில் ஆய்வு செய்து, பின்னர் பேராதனையின் பொறியியற் பீடாதிபதியாகவும் யாழ்ப்பாணத்தில் துணைவேந்தராகவும் இருந்த பேராசிரியர் துரைராஜாவைப் பற்றி அவனது ஆசிரியர் சொல்லியிருந்ததால், மனம் பேராதனைப் பக்கம் சாய்ந்திருந்தது. பேராதனையிலும் மொறட்டுவையிலும் தொடக்கத்தில் எல்லோரும் பொதுப் பாடங்களைப் படித்து, அங்கே எடுக்கும் புள்ளிகளைக் கொண்டே துறை ஒதுக்கப்படுவார்கள் என்பதையும் அவன் விசாரித்து வைத்திருந்தான். பேராதனை, மொறட்டுவை, அதன்பின் 2014இல் முதலாவது அணியை உள்வாங்கிய கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பீடம் என்று ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதியும் வைத்திருந்தான்.

நான் அப்போது வேலையின் நிமித்தம் கொழும்பில் இருந்தேன். வீட்டில் இணைய வசதி சரியில்லாததால், நகரில் புதிதாகத் திறந்திருந்த ஓர் உயர்கல்வி ஆலோசனை நிலையத்துக்கு அப்பா தம்பியை அழைத்துச் சென்றார். இலவச ஆலோசனை என்று அறிவித்தலில் இருந்தது. உள்ளே போனபின், விண்ணப்பம் நிரப்ப 15,000 ரூபா என்றார்கள். முந்தைய வருட வெட்டுப்புள்ளிகளை (ஒவ்வொரு பாடநெறிக்கும் கடைசியாக அனுமதி பெற்றவரின் புள்ளிகளை) கணினியில் இட்டு, "உங்கள் மகனுக்கு எது உறுதியாகக் கிடைக்கும்" என்று காட்டித் தருவதற்கான கட்டணமாம் அது.

அங்கே சொல்லப்பட்ட பொய்யை விளக்கமாக எழுதுவது அவசியம், ஏனெனில் படித்த பெற்றோரையும் அது மடக்கிவிடுகிறது. பேராதனையை முதலாவதாக எழுதி அது கிடைக்காமல் போனால், இரண்டாவதாக எழுதிய பாடநெறியின் இடங்களை அதனை முதலாவதாக எழுதியவர்கள் எடுத்துவிடுவார்கள் என்றும், ஆகவே வெட்டுப்புள்ளி குறைந்த ஒன்றை மேலே எழுதுவதே புத்திசாலித்தனம் என்றும் அவர்கள் கூறினார்கள். இது முற்றிலும் தவறானது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பொறியியல் இடங்களில் 40 வீதத்தை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதத்தை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதத்தை எமது வன்னி மாவட்டங்களும் அடங்கிய கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்குகிறது. இவை ஒவ்வொன்றும் இசட் புள்ளியின் (வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாக்கிக் கணிக்கும் தரப்புள்ளியின்) ஒழுங்கில் நிரப்பப்படுகின்றனவே தவிர, யார் எதை எத்தனையாவதாக எழுதினார்கள் என்ற முன்னுரிமையில் அல்ல. உங்கள் புள்ளிக்கு எட்டக்கூடிய பாடநெறிகளுள் நீங்கள் எல்லாவற்றுக்கும் மேலே எழுதியது எதுவோ அது உங்களுக்குத் தரப்படும். எட்டாத ஒன்றை மேலே எழுதுவதால் எதுவும் இழக்கப்படுவதில்லை. ஆனால் எட்டக்கூடிய, விரும்பாத ஒன்றை மேலே எழுதினால் அதுவே கிடைக்கும், அதற்குக் கீழே உள்ளவை பார்க்கப்படவே மாட்டா. மேலும், வெட்டுப்புள்ளி என்பது அந்தந்த வருடத் தெரிவு முடிந்தபின் கடைசியாக உள்வாங்கப்பட்டவரின் புள்ளி. தெரிவு நடக்கும் முன்னரே அதனை எந்தக் கணினியும் அறிய முடியாது.

தம்பி அவர்களது யோசனையை மறுத்து, கொப்பியில் உள்ளபடியே பதியுமாறு கேட்டான். சரி என்றார்கள். கணக்குத் திறக்கும்போது தங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையுமே கொடுத்தார்கள். "ஆணைக்குழுவிலிருந்து வரும் தகவலை நாங்கள் உடனே சொல்லுவோம்" என்பது அதற்கான காரணம். அச்சிட்ட விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டிய பக்கத்தை மட்டும் அவன் முன் வைத்தார்கள். ஏனைய பக்கங்களைக் கேட்டபோது, தபாலில் சேர்க்கும் நேரம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தினார்கள்.

தெரிவு முடிவு வந்தபோது தம்பிக்குக் கிடைத்திருந்தது தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிக விஞ்ஞானப் பாடநெறி. அது தரம் குறைந்த படிப்பு என்று நான் சொல்லவரவில்லை. விரும்பிப் படித்து உயர்ந்தவர்கள் எமது ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடநெறி அவனது கொப்பியில் மேலே எங்கும் இல்லை. வெட்டுப்புள்ளிகள் வெளியானபோது, முல்லைத்தீவு மாவட்டத்துக்கான பேராதனைப் பொறியியல் புள்ளியை விட அவனது இசட் புள்ளி அதிகமாக இருந்ததைக் கண்டோம். விண்ணப்பத்தின் பிரதியை வற்புறுத்திப் பெற்றுப் பார்த்தால், பௌதிக விஞ்ஞானம் முதலாவதாக இருந்தது, பேராதனை இரண்டாவதாக. ஆணைக்குழுவுக்கு எழுதினோம். விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பின்னர் விருப்பு ஒழுங்கை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. விதி அப்படித்தான் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது அடுத்த வாரமே விளங்கியது. அதே நிலையத்திலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. "ஐயா, தம்பிக்குப் பொறியியல்தானே வேணும், கொழும்பிலேயே வெளிநாட்டுப் பட்டம் மூன்று வருஷத்தில் முடிக்கலாம்" என்றார்கள். மனம் உடைந்திருந்த அப்பா, எனக்குச் சொல்லாமல் 75,000 ரூபா முற்பணம் கட்டிவிட்டார். நான் ஊருக்கு வந்து, அந்தப் பட்டத்துக்கான அங்கீகாரத்தைக் காட்டுமாறு கேட்டபோது, அவர்கள் எடுத்து நீட்டியது பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். புடவைக்கடைக்கும் வழங்கப்படுவது அதே சான்றிதழ்தான். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் பட்டம் வழங்குவதாயின் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாயின் அதனை ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டறியலாம். பொறியியலுக்கு இன்னொன்றும் உண்டு. பொறியியற் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 முதல் உறுப்பினர். தரச்சான்று பல்கலைக்கழகத்தின் பெயருக்கு அல்ல, ஒவ்வொரு பட்டநெறிக்கும் தனித்தனியாக வழங்கப்படுகிறது. இதே கேள்வியைத்தான் பேராதனை, மொறட்டுவை, அறிவியல்நகர் என்று எங்கே போவதானாலும் துறைவாரியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். "கிளிநொச்சிப் பட்டத்துக்கு மதிப்பில்லை" என்று அந்த நிலையத்தில் சொல்லப்பட்டதற்கு எந்த ஆதாரமும் காட்டப்படவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆணைக்குழுவின் மாணவர் கைநூல் தமிழிலும் வெளிவருகிறது. அதிலுள்ள அறிவுறுத்தல்களைப் பொறுமையாக வாசித்தால் மேலே சொன்ன எதற்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. கணக்கைச் சொந்த இலக்கத்திலும் மின்னஞ்சலிலும் திறவுங்கள், எல்லாப் பக்கங்களையும் வாசித்தபின் கையொப்பமிடுங்கள், பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் உங்களிடமே வைத்திருங்கள். ஏற்கெனவே வேறு எவரிடமாவது ஒப்படைத்திருந்தால், முடிவுத் திகதிக்கு முன்னரே ஆணைக்குழுவுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

உயர்தரப் பரீட்சைக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று தடவைகளில் தம்பிக்கு ஒன்று எஞ்சியிருப்பதால், கிடைத்த பாடநெறியில் பதிவு செய்யாமல் மீண்டும் படிக்கிறான். 15,000 ரூபாவை மத்தியஸ்த சபையில் ஏற்பட்ட இணக்கத்தின்படி திருப்பிக் கொடுத்தார்கள். முற்பணம் தொடர்பாக நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்திருக்கிறோம். அதற்கான துரித இலக்கம் 1977. இதற்கிடையில் அந்த நிலையத்தின் பெயர்ப்பலகை மாறி, இவ்வருட விண்ணப்பங்களுக்கான அறிவித்தல் புதிய பெயரில் ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே மேசையில் இருப்பவர்கள் அதே ஆட்கள்தான்.