பந்தலுக்குக் கீழே தானியங்கிக் கருவிகள்: கம்பம் திராட்சைத் தோட்டத்து அனுபவம்

திராட்சைக்கு ரோபோ என்று தேடினால் முதலில் வருவது பிரான்சின் டெட், பாக்கஸ் போன்ற இயந்திரங்கள்தான். கொடி வரிசைக்கு இருபுறமும் சக்கரம் வைத்து, வரிசையின் மேலாகவே நகர்ந்து களை எடுக்கும். பாக்கஸ் மருந்தும் அடிக்கும். அங்கே கொடியை வரிசையாக நிமிர்த்திக் கட்டுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலோ கல்தூண், கம்பி, தலைக்கு மேல் பந்தல். அந்த இயந்திரத்துக்கு இங்கே நுழையவே வழியில்லை. அதனால் பந்தலுக்கு ஒத்துவந்த கருவிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பன்னீர் திராட்சையில் இரண்டு வருடத்துக்கு ஐந்து அறுவடை வரை எடுக்கலாம் என்பதால், எந்தக் கருவி உழைக்கும் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர் சில ஆயிரத்தில் கிடைக்கிறது. ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் டார்ச்சோடு கிணற்றுக்கு ஓட வேண்டியதில்லை. சிம்மை மட்டும் ரீசார்ஜ் தவறாமல் வைத்திருந்தால் போதும். சொட்டுநீருக்கு நேரம் வைத்துத் திறக்கும் வால்வுகளும் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அணில் கடித்த லேட்டரல் குழாயையும் உப்பு அடைத்த சொட்டுவானையும் எந்தக் கன்ட்ரோலரும் சரிசெய்யாது. வாரம் ஒரு முறையாவது தோட்டத்தைச் சுற்றி வரத்தான் வேண்டும்.

டிரோனைக் கூலிக்கு வரவழைத்துப் பார்த்தோம். கவாத்து முடிந்து துளிர் வரும் சமயத்தில் பரவாயில்லை. பந்தலில் இலை அடர்ந்த பிறகு மருந்து முழுக்க மேல் இலையிலேயே நின்றுவிடுகிறது. திராட்சையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோயின் பூஞ்சை நுழைவதோ இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாக. குலையும் பந்தலுக்குக் கீழேதான் தொங்குகிறது. ஆகவே மினி டிராக்டரில் மாட்டிய புளோயர், கீழிருந்து மேலே காற்றோடு பீய்ச்சுவதுதான் இங்கே சரியான இயந்திரம். பந்தலின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு டிராக்டர் வாங்குங்கள்.

எனக்கு உண்மையில் மனநிறைவு தந்தது வானிலைக் கருவிதான். மழை, வெப்பம், காற்றின் ஈரப்பதம், இலை எவ்வளவு நேரம் நனைந்திருந்தது என்பதையெல்லாம் போனுக்கு அனுப்பும். முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடினாலே பயத்தில் மருந்து அடிப்போம். அடிச்சாம்பலுக்கு மேகம் மட்டும் போதாது. இலை மணிக்கணக்கில் நனைந்தே இருக்க வேண்டும், வெப்பமும் மிதமாக இருக்க வேண்டும். இலை கொஞ்ச நேரம் மட்டுமே நனைந்து காய்ந்துவிட்டது என்று தெரிந்தால் அன்றைய மருந்தைத் தள்ளிப்போடலாம். ராத்திரி முழுக்க ஈரம் நின்றிருந்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் காலையிலேயே இறங்கிவிட வேண்டும். மருந்துச் செலவு குறைந்ததைவிட, குலையில் படியும் விஷம் குறைந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குழந்தைகள் கழுவாமல்கூட வாயில் போடும் பழம் இது.

பொருத்துவதில் இரண்டு விஷயம். சோலார் பலகை பந்தலுக்கு மேலே வெயிலில் இருக்க வேண்டும், இலை ஈர உணரி பந்தலுக்குள் இலையோடு இலையாக இருக்க வேண்டும். கம்பெனி ஆட்கள் வசதிக்காக இரண்டையும் ஒரே கம்பத்தின் உச்சியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம், மருந்துப் படிவை உணரியிலிருந்து துடைத்துக்கொண்டே இருங்கள். படிவு சேர்ந்தால் காய்ந்த இலையையும் ஈரம் என்று காட்டும்.

கவாத்துக்கும் அறுவடைக்கும் இன்னும் ஆட்கள்தான். பன்னீர் திராட்சைக் குலையில் எல்லாப் பழமும் ஒன்றாக நிறம் மாறாது. எந்தக் குலையை இன்று வெட்டலாம், எதை இரண்டு நாள் விடலாம் என்று பார்த்தவுடன் சொல்வது அறுவடைக்கு வரும் பெண்களின் தேர்ச்சி. ஒயின் திராட்சையை உலுக்கி எடுக்கும் இயந்திரம் இந்தப் பழத்துக்கு ஆகாது. கலிபோர்னியாவில் உண்ணும் திராட்சையை இன்றும் கையால்தான் பறிக்கிறார்கள். அங்கே பர்ரோ என்ற சக்கர ரோபோ பறித்த பெட்டிகளை மட்டும் சுமந்துபோகிறது. நம் பந்தலுக்குக் கீழே புகுந்து, ஈரச் சேற்றிலும் ஓடக்கூடிய அப்படியொரு வண்டி இங்கே மலிவாகக் கிடைத்தால் உடனே வாங்குவேன். பெட்டி சுமக்கும் பெண்களின் இடுப்புவலியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.